பிரிக்காத முஸல்லா

பெரிய வீடு – குடும்பக் குழு
டிசம்பர், ஞாயிறு (இந்திய நேரம்)

*பாத்திமா (இங்கிலாந்து), இரவு 8:04*
அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சாப்பிட்டாச்சா? உம்மாவிடம் மட்டும் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம், சாச்சாவும் காக்காவும் இருக்கிற இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என் மகன் யூசுஃப் விஷயம்.

*பாத்திமா, 8:07*
செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் பையில் தொழுவதற்கு ஒரு சின்ன முஸல்லா விரிப்பை மடித்து, நீல ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். தினமும் பகல் தொழுகையைப் பற்றி, "லுஹர் தொழுதியா?" என்பேன். "தொழுதேன் உம்மா" என்பான். வியாழக்கிழமை பையைத் துவைக்க எடுத்தேன். முஸல்லா நான் மடித்த மடிப்பிலேயே இருக்கிறது. அதே நீல ரப்பர் பேண்டு, நான் போட்ட அதே இரட்டைச் சுற்று. மூன்று மாதத்தில் ஒருநாள்கூடப் பிரிக்கவில்லை.

*ஆயிஷா ராத்தா, 8:09*
வஅலைக்கும் ஸலாம். பிள்ளையை அடித்துவிடவில்லையே?

*பாத்திமா, 8:12*
இல்லை ராத்தா. கோபமே வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது கேலி செய்கிறார்களா என்று கேட்டேன். "யாரும் ஒன்றும் சொல்ல மாட்டாங்க உம்மா. எல்லாரும் பார்ப்பாங்க" என்றான். அவன் வகுப்பில் அவன் ஒருவன்தான் முஸ்லிம்.

*உம்மா, 8:15*
🎤 குரல் செய்தி 1:52

*ஆயிஷா ராத்தா, 8:18*
உம்மா சொல்வதை எழுதுகிறேன். பதிமூன்று வயசுப் பிள்ளையைக் காஃபிர் ஊரில் தனியாக விட்டால் வேறென்ன ஆகும், நம் ஊர் காயலுக்கே வந்துவிடுங்கள், இங்கே ஐந்து வேளை பாங்கு காதில் விழும் என்கிறார். 2024ல் அங்கே நடந்த கலவரத்தையும் சொல்கிறார்.

*பாத்திமா, 8:22*
உம்மா, அந்த வாரம் நானும் பயந்துதான் இருந்தேன். சவுத்போர்ட்டில் பள்ளிவாசல் மேல் கல்லெறிந்து சுவரை இடித்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரர்களே செங்கல்லும் சிமெண்டும் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி, "நீ வெளியே வராதே" என்று பாலும் ரொட்டியும் வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். யூசுஃபை வாடவைப்பது பகை இல்லை உம்மா. தனிமை.

*பாத்திமா, 8:25*
இந்த நாட்டில் முஸ்லிம்கள் குறைவும் இல்லை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 39 லட்சம் பேர். ஆனால் லண்டன், பர்மிங்காம், பிராட்ஃபோர்டு என்று பெரிய ஊர்களில்தான் கூட்டம். ஹியர்ஃபோர்ட்ஷயரில் நாங்கள் இருக்கும் ஊரைச் சுற்றி நாலைந்து குடும்பம். நாங்கள் போகிற பள்ளிவாசலுக்குக் காரில் நாற்பது நிமிடம்.

*ஹமீது காக்கா (லண்டன்), 8:31*
எனக்கு அவனைப் புரிகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஆபீஸ் கழிப்பறையில் ஒரு காலைத் தூக்கி வாஷ்பேசினில் வைத்து தொழுகைக்காக ஒளு செய்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேலதிகாரி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டார். கால் நனைந்து தண்ணீர் சொட்டுகிறது, நான் அப்படியே நிற்கிறேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் லுஹரை வீட்டுக்கு வந்துதான் நேரம் தவறிக் களாச் செய்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அப்போது எனக்கு 27 வயசு. இவனுக்கு 13.

*சாச்சா, 8:35*
பாத்திமா, இப்போது உங்கள் ஊர் தொழுகை நேரத்தை எழுதும்மா.

*பாத்திமா, 8:38*
விடியலில் ஸுபுஹு ஆறேகால். சூரியன் உதிக்க எட்டு மணி தாண்டிவிடும். லுஹர் 12:10. பிற்பகல் அஸர் நம் ஷாஃபி பிரிவுக் கணக்குக்கு 1:50. சூரியன் மறைந்ததும் மஃரிப் 4. கடைசியாக இஷா ஆறு மணி வாக்கில். பள்ளிக்கூடம் 3:10க்கு விடும்.

*சாச்சா, 8:43*
அப்படியானால் கணக்குப் போடு. 3:10க்கு விட்டால் மூன்றரைக்கு வீடு. மஃரிபுக்கு முன்னால் அஸருக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவன் தொழ வேண்டியது ஒரே ஒரு வக்து, லுஹர். நாலு ரக்அத், ஆறு நிமிடம். ஐந்து வேளையையும் மொத்தமாகத் தலையில் வைத்தால் பிள்ளை எதையும் தூக்க மாட்டான். "ஒன்றே ஒன்றுதான் வாப்பா" என்று சொல்லிப் பார். பொய் சொன்னதைப் பற்றி இப்போது பேசாதே. தொழவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான் பார், அந்த வெட்கம் ஈமானில், இறைநம்பிக்கையில் உள்ளது.

*ஹமீது காக்கா, 8:47*
ஒளுவுக்கு ஒரு வழி சொல்கிறேன். தோல் காலுறை. காலையில் முழு ஒளு செய்துவிட்டுப் போட்டுக்கொண்டால் ஒரு நாள் ஓர் இரவு அதன் மேல் ஈரக்கையால் தடவி மஸ்ஹு செய்துகொள்ளலாம். வாஷ்பேசினில் கால் வைக்க வேண்டாம். பதினோரு வருஷமாக நான் அப்படித்தான். அவனுடைய ஷூ அளவு என்ன?

*பாத்திமா, 8:48*
ஆறு. மாதத்துக்கு மாதம் வளர்கிறான் காக்கா, ஏழாகவே வாங்கிவிடுங்கள்.

*ஆயிஷா ராத்தா, 8:50*
லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொழக் கூடாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாமே?

*ஹமீது காக்கா, 8:54*
2024 ஏப்ரல் தீர்ப்பு. அந்த ஒரு பள்ளி போட்ட தடை சட்டப்படி செல்லும் என்றுதான் உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லாப் பள்ளியும் தடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தன்மையாக ஒரு கடிதம் எழுதி, பகல் இடைவேளையில் காலியாக இருக்கும் ஒரு வகுப்பறையைப் பத்து நிமிடம் கேள். கொடுக்கிற பள்ளிகள் நிறைய.

*சாச்சா, 8:55*
அவனைக் கேட்காமல் எழுதிவிடாதே.

*ரிஸ்வான் (டொராண்டோ), 8:59*
ஸலாம். இப்போதுதான் பார்த்தேன். பாத்திமா ராத்தா, எங்கள் வீட்டைச் சுற்றிக் கால் மணி நேரத்தில் மூன்று பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது. இருந்தும் என் பெரியவன் வர மாட்டேன் என்கிறான். ஆறு வருஷமாகக் கூட்டிப்போகிறேன், அவன் பெயர் தெரிந்த ஒரு ஆள் அங்கே இல்லை. ஸலாம் கொடுத்ததும் எல்லோரும் செருப்பைத் தேடி ஓடுகிறோம், நான் உள்பட. ஊரில் ஒருநாள் ஸுபுஹுக்குப் போகாவிட்டால் பள்ளிவாசல் மோதினார் வாப்பாவிடம் "பையனுக்குக் காய்ச்சலா?" என்று கேட்பார், ஞாபகம் இருக்கிறதா?

*பாத்திமா, 9:06*
ரிஸ்வான், அதேதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உம்மா கவலைப்பட வேண்டாம். யூசுஃபாவது தொழவில்லை. நான் தொழுகிறேன், ஆனால் போனில் பாங்கு அடித்ததும் மருந்து சாப்பிடுவதுபோல முடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். பெண்கள் தொழும் நம் தைக்காவில் ரமலான் இரவில் தராவீஹ் தொழும்போது தோளோடு தோள் ஒட்டி நிற்போம். பக்கத்தில் நிற்பவர் விம்மினால் அது நம் தோளில் தெரியும். இங்கே நகரத்துப் பள்ளிவாசலில் பெண்களுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. இமாம் ஓதுவது ஸ்பீக்கரில் வரும். போன ரமலானில் ஒருநாள் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. ருகூவுக்குக் குனிவதா ஸஜ்தாவில் விழுவதா தெரியாமல் ஒன்பது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். துஆவில் கடைசியாக எப்போது அழுதேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

*ஹமீது காக்கா, 9:11*
வாப்பா அலமாரியில் ஆங்கிலக் குர்ஆன் இருக்கிறதல்லவா, அப்துல்லாஹ் யூசுஃப் அலி மொழிபெயர்த்தது. 1953 டிசம்பரில், இதே குளிரில், அவரை லண்டன் தெருவில் ஆதரவில்லாத நிலையில் போலீஸ் கண்டெடுத்தது. ஓரிரு நாளில் மௌத்தாகிவிட்டார். உலகமெல்லாம் அவர் புத்தகத்தைப் பிரித்து ஓதுகிறார்கள், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இல்லை. புரூக்வுட் மையவாடியில் அவர் கபுரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நீ இப்படி உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருக்கக் கூடாது பாத்திமா.

*உம்மா, 9:14*
🎤 குரல் செய்தி 2:37

*ஆயிஷா ராத்தா, 9:19*
உம்மா: "வாப்பா ஹாங்காங் போனபோது கவ்லூன் பள்ளிவாசலின் புதுக்கட்டடம்கூட வரவில்லை. அது 1984ல் திறந்தது. நாதன் ரோட்டில் ஒரு மாடி அறையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். பகலெல்லாம் ரத்தினக்கல் வியாபாரம், வெள்ளி இரவு எல்லோரும் சேர்ந்து ராத்திபு ஓதல். கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்கார இடம் வருமாம். 'அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் நான் வெறும் வியாபாரியாகப் போயிருப்பேன்' என்று வாப்பா சொல்வார்கள். நீயும் நாலு பேரைத் தேடு மகளே."

*பாத்திமா, 9:24*
உம்மா, வாப்பா கண்ணை மூடினால் ஊர் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சேமிப்பை எடுத்து எடுத்துச் செலவழித்துத்தான் நாங்கள் இங்கே காலம் தள்ளுகிறோம். யூசுஃப் கண்ணை மூடினால் என்ன தெரியும்? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் லீவு, கொசுக்கடி, வட்டலப்பம். எதை நினைத்து அவன் ஸஜ்தாவில் தலை வைப்பான்?

*பாத்திமா, 9:27*
இங்கே நாலு மணி ஆகப்போகிறது, மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. தொழுதுவிட்டு வருகிறேன்.

*சாச்சா, 9:28*
அவனையும் பக்கத்தில் நிறுத்து. அவன் இமாமாக நிற்கட்டும்.

*பாத்திமா, 9:52*
தொழுதோம். "உம்மா, நீங்க அழுதீங்களா?" என்று கேட்டான். ஜலதோஷம் என்று சொன்னேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று மாலை அவன் வாப்பாவோடு கடைத்தெருவில் உள்ள சில்ஹெட்காரர் ஹோட்டலுக்குப் போனான், இரவல் வாங்கிய பிரியாணிச் சட்டியைக் கொடுக்க. சரியாக மஃரிப் நேரம். ஐந்து மணிக்குத்தான் கடை திறப்பார்கள். மாடியில் வெங்காய மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் விரிப்பு போட்டுச் சமையற்காரர், பரிமாறுகிறவர்கள் எல்லாம் ஆறு பேர் தொழ நின்றிருக்கிறார்கள். முதலாளி இவனைப் பார்த்து, "தொழுகை தொடங்கப்போகிறோம், நீ இகாமத் சொல்லு" என்றாராம்.

*பாத்திமா, 9:56*
அவர்கள் ஹனஃபி பிரிவு. இகாமத்தைப் பாங்கு போலவே இரண்டிரண்டு தடவை சொல்வார்கள். இவன் நம் முறைப்படி சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டான். "பாதியை விட்டுவிட்டாயே தம்பி" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு இவன், "எங்க ஊரில் இப்படித்தான் சொல்வாங்க" என்றானாம். அவன் வாப்பா வந்து சொன்னார். அப்புறம் யூசுஃபே ராத்திரி இரண்டு தடவை சொன்னான்.

*உம்மா, 9:59*
🎤 குரல் செய்தி 0:21

*ஆயிஷா ராத்தா, 10:01*
அவனுக்கு இகாமத் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார்.

*பாத்திமா, 10:02*
நீங்கள்தான் உம்மா. போன லீவில் கரண்ட் போன ராத்திரி, திண்ணையில், விசிறிக்கொண்டே.

*சாச்சா, 10:06*
அல்ஹம்துலில்லாஹ். ஞாயிறுதோறும் அவனை அந்த மாடிக்கு அனுப்பு. பயானும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். தொழுதுவிட்டு அவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும்.

*ஹமீது காக்கா, 10:08*
அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், மூன்று மணி நேரம்தானே. காலுறையைக் கையிலேயே கொடுத்துவிடலாம். முதலாளியின் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்களா? நீயும் அவர்களோடு தொழ இடம் உண்டா என்று கேள்.

*பாத்திமா, 10:11*
மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். மாடியில் இன்னொரு அறை உண்டு, நாளைக்குக் கேட்கிறேன். இடியாப்பம் நான் செய்துகொண்டு போகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதட்டுமா என்று யூசுஃபிடம் கேட்டேன். "அடுத்த வாரம் சொல்றேன்" என்றான். விட்டுவிட்டேன்.

*உம்மா, 10:13*
🎤 குரல் செய்தி 0:34

*ஆயிஷா ராத்தா, 10:15*
அந்த ஆறு பேருடைய பெயரையும் எழுதி அனுப்பச் சொல்கிறார். பின்னிரவுத் தஹஜ்ஜுத் தொழுகையில் பெயர் சொல்லி துஆ கேட்கவேண்டுமாம்.

*பாத்திமா, 10:19*
யூசுஃபிடம் கேட்டேன் உம்மா. நாலு பேருடைய பெயர்தான் தெரியுமாம். மீதி இரண்டை அடுத்த ஞாயிறு கேட்டு வருகிறானாம்.