அரியலூர் கடற்படிவுகள்: ஆய்வு வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

தகடூர்க்கல் (தர்மபுரி):
வணக்கம். முதலாண்டுப் புவியியல் மாணவர்களைக் கடற்படிவுகள் பார்க்க அரியலூர், பெரம்பலூர் பக்கம் கூட்டிப்போகிறோம். இங்கே அவர்கள் பார்த்ததெல்லாம் புதைபடிவமே இல்லாத பழைய பாறைகளான நைஸும் சார்னகைட்டும்தான். பழைய அறிக்கைகளில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றே பாறைக் குழுக்கள். புதிய கட்டுரைகளில் காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி என்று பெயர்கள் நீள்கின்றன. எது எதற்குள் வரும்? இன்னொன்று: எங்கள் பக்கத்துச் சாமல்பட்டிக் கல்லும் அமிலம் விட்டால் பொங்குகிறதே, அதில் ஏன் சிப்பி இல்லை என்று கேட்கிறார்கள்.

படிவப்பாறை (அரூர்):
1862-லிருந்து தொடங்குங்கள் சார். அதற்கு முன்பே கேய், கன்லிஃப் இருவரும் திரட்டிய புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து, இவை கிரிடேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதி) காலத்தவை என்று காட்டிவிட்டார். ஆனால் படிவுகளை வரைபடமாக்கி, எது கீழே எது மேலே என்று நிறுவியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு. நீங்கள் சொன்ன மூன்று குழுக்களும் அவர் 1862 அறிக்கையில் பிரித்தவை. (பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்றவரும் இவர்தான்.)

அவர் சேகரிப்பை வைத்துக் கல்கத்தாவில் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா 1873 வரை நான்கு பெரிய தொகுதிகள் எழுதினார். படங்கள் இன்றும் ஈடில்லாதவை. ஒரு சிக்கல்: இனத்துக்கு நேரே ஊரும் குழுவும் இருக்கும், எந்த அடுக்கு, அடியிலிருந்து எத்தனை மீட்டர் என்பது இருக்காது. 'ஒடியம், ஊட்டத்தூர் குழு' என்ற குறிப்பை இன்றைய உயிரடுக்கு மண்டலத்தில் (புதைபடிவங்களை வைத்துப் பிரித்த அடுக்கில்) அப்படியே பொருத்த முடியாது. ஸ்டோலிச்கா வைத்த அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடல் உயிரி) பேரினப் பெயர்கள் பலவற்றை 1895–98-இல் ஃபிரான்ஸ் கோஸ்மாட் திருத்தினார். எனவே அம்மோனைட்டுக்குப் படத்தை ஸ்டோலிச்காவில் பாருங்கள், பெயரைக் கோஸ்மாட்டிலும் அதற்குப் பிந்தையவர்களிடமும் சரிபாருங்கள்.

பெயர் அடுக்கு இப்படி: காரைக் களிமண்ணும் டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல்லும் ஊட்டத்தூர் குழு. கருடமங்கலம் திருச்சிராப்பள்ளிக் குழு; இதைச் சிலர் குளக்கால்நத்தம், ஆனைப்பாடி என்று இரண்டாக வெட்டுவார்கள். சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு நான்கும் அரியலூர் குழு. நின்னியூரைப் பிளான்ஃபோர்டு அரியலூருக்குள்ளேயே வைத்தார். எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936-இல் அதன் பாசிகளை விவரித்தபோதும் கிரிடேசியஸின் உச்சி என்றே எழுதினார்கள். இப்போது அது பேலியோசீன், அதாவது கிரிடேசியஸுக்கு அடுத்த காலம். மாணவர்கள் கட்டுரையின் ஆண்டைப் பார்க்காமல் வயதை எடுத்தெழுதுவது இந்த இடத்தில்தான்.

கருங்கல் (ஊத்தங்கரை):
சாமல்பட்டிக் கல் கார்பனடைட், மாக்மாவிலிருந்து உறைந்தது. கால்சைட் இருப்பதால் அமிலத்தில் பொங்குகிறது, அவ்வளவுதான். பொங்கினால் கால்சைட் என்று சொல்லலாம், கடல் என்று சொல்ல முடியாது. சாமல்பட்டிக் கல்லில் ஒரு துண்டு எடுத்துப்போய்க் கல்லங்குறிச்சியின் கிரைஃபியா சிப்பிக் கல் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அரியலூர்ப் படிவுகள் கிழக்கே மெல்லச் சாய்கின்றன. அதனால் மேற்கிலிருந்து கிழக்காகப் போனால் பழையதிலிருந்து புதியதற்குப் போவீர்கள். மேற்கு ஓரத்தில் அவை நைஸ் மேல் படிந்திருக்கின்றன, நம் ஊரில் பார்க்கும் அதே வகை அடித்தளம். முதல் நிறுத்தம் அங்கே இருக்கட்டும்.

காரை ஓடைகளில் ஒரு எச்சரிக்கை. களிமண் மழையில் கரைந்து, பல அடுக்குகளின் பெலெம்னைட்டுகள் (கணவாய் போன்ற உயிரியின் தோட்டா வடிவப் படிவங்கள்) ஒரே பள்ளத்தில் சேரும். தரையில் கிடப்பதை வயது கணிக்க எடுக்கக் கூடாது. சுவரில் பதிந்திருப்பதை மட்டும் உயரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். வெள்ளையாக மின்னும் ஜிப்சம் பட்டைகளைச் சிப்பி என்று எழுதுவார்கள். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும்.

தகடூர்க்கல்:
நன்றி. கல்லமேடு டைனோசரை எப்படிச் சொல்வது? சாத்தனூர் கல்மரமும் பட்டியலில் இருக்கிறது.

படிவப்பாறை:
மாட்லி 1929-லேயே திருச்சி டைனோசர் எலும்புகள் பற்றி எழுதியிருக்கிறார். கல்லமேட்டின் பிரம்மாண்டமான புருகத்காயோசாரஸை 1980-களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் ஊனுண்ணியாக விவரித்தார்கள்; பிறகு அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருதப்பட்டது. மூல எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன, மீதி இருப்பது வரைபடங்களும் படங்களும். ஆகவே அதன் நீளம், எடை எதையும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

மரம் இருப்பது பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வண்டி அதே பெயருள்ள தென்பெண்ணை அணைக்குப் போய்விடும். எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தது, சுமார் 18 மீட்டர் நீளம். தேசியப் புவியியல் சின்னம் என்பதால் சுத்தியலை வண்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். சிமென்ட் சுரங்கங்களுக்கு எழுத்து அனுமதி வேண்டும், தலைக்கவசம் கட்டாயம்.