ஹோட்டன் சமவெளியில் கண்ட மூக்குக்கொம்பு ஓணான்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் இருக்கும் ஹோட்டன் சமவெளிக்குப் போய் வந்தேன் என்றாலே "உலக முடிவு தெரிந்ததா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தெரிந்தது. சமவெளி சட்டென்று முடிகிற மலை விளிம்புதான் அது. கீழே ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம், விளிம்பில் நின்றால் கால் கூசும். ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது ஒரு ஓணானைப் பற்றி.

நுவரெலியாவிலிருந்து இருட்டோடு கிளம்பி, பட்டிப்பொல பக்கமாக ஏறினோம். உலக முடிவைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படித்தான் போகவேண்டும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் முகில் மேலேறி மூடிவிடும். அப்புறம் எதிரே வெள்ளை மட்டும்தான். வாசலில் பையைத் திறந்து பார்த்து, பாண் சுற்றிய பொலித்தீனையும் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு ஒரே கோபம். பொலித்தீனை ஏன் வாங்கினார்கள் என்பதற்கான காரணம், உள்ளே வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது எதிரிலேயே நின்றது. ஆண் மரை ஒன்று, பெரிய மான் இனம் அது, ஒரு வானின் கதவுக்குள் தலையை விட்டுச் சாப்பாட்டை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது நம் ஆட்கள்தான். உறையோடு விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களை என்ன சொல்வது!

சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் அளவில் வரும். புல்வெளியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சமே வேறு. 2,100 மீட்டர் உயரத்துக்கு மேலே காற்று மரங்களை ஓங்க விடுவதில்லை. உச்சி தட்டையாகக் குடை விரித்தாற்போல நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் தண்ணீர். முகிலின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுப்பது இந்தப் பாசியும் இலையும்தான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது.

அப்படிப்பட்ட ஒரு கிளையில், முழங்கால் உயரத்தில் இருந்தது அந்த ஓணான். மூக்கு நுனியில் வெளிறிய சிறு கொம்பு. இலங்கையின் மத்திய மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். ஊர் ஓணான் என்றால் நிழல் பட்டதும் ஓடியிருக்கும். இது அசையவே இல்லை. மேலிருந்து ஒரு சொட்டு அதன் தலையில் விழுந்தது. ஒரு கண்ணை மெல்ல மூடித் திறந்தது, அவ்வளவுதான். பின்னால் வந்த கூட்டம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே எங்களைக் கடந்து போனது.

அதே சுற்றுப்பாதையில் வரும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முகில் ஒரு தடையில்லை. அதனால் உலக முடிவை முதலில் முடித்துவிட்டு அருவியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெலிஹுல் ஓயா என்ற ஆறு 20 மீட்டர் உயரத்திலிருந்து கருங்கல்லில் கிளை பிரிந்து விழுகிறது. பெயர் அந்தக் காலத்து வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கருடையது. சமவெளியில் முன்பு யானைகளும் இருந்தனவாம், இப்போது ஒன்றுகூட இல்லை; வேட்டைக்காரர் பெயர் மட்டும் அருவியில் நிற்கிறது. குளிக்க அனுமதியில்லை, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். இறங்கும் வழி செங்குத்து, ஈரமானால் வழுக்கும். எங்களோடு வந்தவர்களில் செருப்புப் போட்டிருந்த இருவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கிடைத்தது.