ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் ஏ/எல், எங்கள் சிஸ்டத்தில் ஏன் நுழைய மாட்டேன் என்கிறது?

கேஎல்_பேக்எண்ட் (கோலாலம்பூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கேஎல் சென்ட்ரல் பக்கம் ஒரு நிறுவனத்தில் பேக்எண்ட் (சர்வர் பக்கம் ஓடும் நிரல்) எழுதுகிறேன், ஏழு வருடம் ஆகிறது. ஊழியர் விவரமும் சம்பளச் சீட்டும் எங்கள் டீம் பொறுப்பு. போன மாதக் கடைசியில், சம்பளச் சீட்டைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பும் வேலையைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். ராத்திரி ஓடி முடிந்தது, லாகில் (சர்வர் எழுதும் பதிவில்) பிழை எதுவும் தெரியவில்லை, நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் மனிதவளப் பிரிவிலிருந்து போன், சிலருக்குச் சீட்டு வரவில்லை என்று. பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். வரிசையாக நம்மவர்கள், கூட ஒரு சீக்கிய நண்பர். ஒரு மலாய்க்காரர் இல்லை, ஒரு சீனர் இல்லை.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கோடில் (நிரலில்) கோப்பின் பெயர் ஊழியர் எண். புதிதாக எழுதியவர், பார்த்ததும் புரியட்டும் என்று ஆளின் பெயரையே போட்டிருக்கிறார். நம்மவர்கள் பெயரில் இன்னாரின் மகன் என்பதற்கு ஏ/எல் வரும். 'முருகன் ஏ/எல் வேலு.பிடிஎஃப்' என்று சர்வரில் ஓடும் லினக்ஸிடம் கொடுத்தால், அது சாய்கோட்டை ஃபோல்டர் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு, 'முருகன் ஏ' என்ற ஃபோல்டரைத் தேடி, அதற்குள் 'எல் வேலு.பிடிஎஃப்' என்ற கோப்பை எழுதப் பார்க்கும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை, அதனால் கோப்பும் இல்லை. வந்த பிழையை ஒரு ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடிக்கும் நிரல் துண்டு) சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அதைத் திருத்தி மதியத்துக்குள் எல்லாருக்கும் சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, அது பிரச்சினை இல்லை. ஆனால் அப்புறம் எனக்கு மனசு ஆறவில்லை, கோடில் பெயரைத் தொடும் இடங்களையெல்லாம் தேட ஆரம்பித்தேன். மனிதவளப் பிரிவு எக்செலில் ஏற்றினால் பெயர் ஐசியில் உள்ளபடியே வருகிறது. ஊழியர் தானே திருத்தும் படிவத்திலோ இரண்டு பெட்டிகள், முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம், எழுத்தும் இடைவெளியும் தவிர எதுவும் கூடாது. அதனால் ஒருவர் 'ஏஎல்' என்று ஒட்டி எழுதுகிறார், இன்னொருவர் 'ஏ எல்' என்று பிரித்து எழுதுகிறார், இன்னொருவர் அதை விட்டேவிடுகிறார். ஒரே ஆள் வருகைப் பதிவில் ஒரு பெயர், சம்பளத்தில் ஒரு பெயர், காப்புறுதியில் வேறு பெயர். ஒட்டி எழுதியவர்களுக்கெல்லாம் அன்றைக்குச் சீட்டு ஒழுங்காக வந்திருக்கிறது, ஐசியில் உள்ளபடி பெயர் வைத்திருந்தவர்களுக்குத்தான் வரவில்லை.

இதை ஒரே பெட்டியாக மாற்ற வேண்டும் என்று சொன்னேன். எங்கள் லீட் (டீம் தலைவர்) நல்ல மனிதர், ஆனால் அவர் கண்ணுக்கு இது மூன்று வார வேலையாகத் தெரிகிறது. "சாய்கோட்டைத் தூக்கிவிடு, முடிந்தது" என்கிறார். அவரிடம் என்ன சொல்வது? ஏற்கெனவே உள்ளே கிடக்கும் பழைய பெயர்களை என்ன செய்வது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாயான்_லெப்பாஸ்_அண்ணன் (பினாங்கு) எழுதியது:

தம்பி, சாய்கோடு வெறும் அறிகுறிதான். மனிதன் என்றால் அவனுக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கும், அது கடைசியில் வரும் என்று எவரோ நினைத்து வரைந்த படிவம் அது. நம் நாட்டில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை யோசித்துப் பாருங்கள். சீனருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். மலாய்க்காரருக்கு 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) என்று போட்டுத் தகப்பன் பெயர். நமக்கு அனாக் லெலாகி (ஏ/எல்), அனாக் பெரெம்புவான் (ஏ/பி), அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். இது நமக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள், கெடா பக்கத்துச் சயாமியர்களிலும் ஓராங் அஸ்லி மக்களிலும் நிறையப் பேர் ஐசியில் இதே ஏ/எல்தான். இந்த ஊரில் எழுதி இந்த ஊரில் ஓடும் மென்பொருளில், பாதிப் பேருக்கு மேல் பொருந்தாத இரண்டு பெட்டிகளை ஏன் வைத்திருக்கிறோம்? வெளியூர் டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் போட்டதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

நான் செய்தது சொல்கிறேன். இரண்டே களம். ஒன்று முழுப் பெயர், ஐசியில் உள்ளபடி, ஒரே பெட்டி. இன்னொன்று 'உங்களை எப்படி அழைக்கலாம்'. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் வழிகாட்டுதலிலும் இந்த யோசனை இருக்கிறது, லீடிடம் காட்டுங்கள், நீங்கள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசவில்லை என்று அவருக்குத் தெரியும்.

பழைய பெயர்களைத் தானாகப் பிரிக்கவும் சேர்க்கவும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். எழுதிப் பார்த்துச் சூடுபட்டவன் சொல்கிறேன். 'ஏஎல்' என்பதைக் கண்ட இடத்திலெல்லாம் 'ஏ/எல்' ஆக்கு என்று ஓட்டினேன், அது தனிச் சொல்லா என்று பார்க்காமல். 'ஜமால்' என்ற பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளும் அதுதானே, அவர் பெயருக்குள் சாய்கோடு விழுந்துவிட்டது. ஐசியைப் பார்த்து அவரவரே சரிபார்க்க ஒரு பக்கம் போட்டுக் கொடுங்கள், ஒரு மாதத்தில் பெரும்பாலானவர்கள் முடித்துவிடுவார்கள்.

அப்புறம், சாய்கோட்டை மட்டும் சோதிக்காதீர்கள். '@' குறியையும் பாருங்கள். மாற்றுப் பெயர் உள்ளவர்களுக்கு ஐசியில் அது பெயரின் நடுவிலேயே வரும், சீனர்களிலும் உண்டு, நம்மவர்களிலும் உண்டு.

தேன்கூடு_டெஸ்டிங் (பினாங்கு) எழுதியது:

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன், வெளிநாட்டு நிறுவனம், ஊழியர் சிஸ்டம் முழுக்க அங்கிருந்து வருகிறது. கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் சேரும்போது அப்பா பெயரைப் போட்டார்கள். அலுவலகச் சாட்டில் என் பெயர் 'அப்பா பெயர், காற்புள்ளி, என் பெயர்' என்று காட்டும். வேறு நாட்டில் இருக்கும் சக ஊழியர்கள் முதலில் இருப்பதைப் பார்த்து அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் கணினியைத் திறந்தால், "வணக்கம்" என்று போட்டு அப்பா பெயரைச் சொல்லி அழைக்கும் மின்னஞ்சல் இருபதுக்கு மேல். அனுப்பியவர்கள் யார் மேலும் தப்பு இல்லை, எனக்கு வந்த ஆறுதல் கடிதங்கள்தான் அவற்றில் பாதி. நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் லீட் இதை அழகுக்குச் செய்கிற வேலை என்று நினைத்தால், அப்படி இல்லை என்று தெரியட்டும். 'எப்படி அழைக்கலாம்' என்ற அந்த ஒரு பெட்டி இருந்திருந்தால் போதும்.

வேலை விஷயமாகவும் ஒன்று. உங்கள் டெஸ்ட் தரவில் ஏ/எல், ஏ/பி பெயர் ஒன்றாவது இருந்திருந்தால் சம்பளச் சீட்டுப் பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும். எங்கள் டீமில் இப்போது புதுப் படிவம் எது வந்தாலும் ஒரு நிலையான பெயர்ப் பட்டியலைப் போட்டுத்தான் பார்ப்போம்: ஏ/பி உள்ளது, '@' உள்ளது, மேற்கோள் குறி உள்ளது, ஒரே சொல்லில் முடிவது, அறுபது எழுத்தைத் தாண்டுவது.

ஜோயின்_டேபிள் (சைபர்ஜெயா) எழுதியது:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் லீட் பக்கத்தையும் கொஞ்சம் பேசுகிறேன். மூன்று வாரம் என்று அவர் சொல்வது மிகையில்லை. பெயர் உங்கள் டேட்டாபேஸோடு நிற்பதில்லை, வெளியே போகிறது. விமான டிக்கெட் பதிவையே பாருங்கள். அங்கே பெயர் 'குடும்பப் பெயர்/சொந்தப் பெயர்' என்ற வடிவத்தில்தான் உள்ளே போகும், சாய்கோடுதான் இரண்டையும் பிரிக்கும் குறி. நம் ஏ/எல்லை அப்படியே அனுப்பினால் எந்தச் சாய்கோட்டில் பிரிப்பது என்று அதற்குத் தெரியாது. கடப்பிதழின் கீழே கருவி படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன இல்லையா, வரிக்கு 44 இடம், பெயருக்கு 39, ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் '<' குறியும்தான் அந்த வரிகளில் வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமே கிடையாது. இவையெல்லாம் உங்கள் கையில் இல்லை, அவற்றோடு சண்டை போட முடியாது.

ஆனால் அதற்காக உங்கள் சொந்த டேபிளில் பெயரை வெட்டி வைக்காதீர்கள். உள்ளே ஐசியில் உள்ளபடி முழுசாக வையுங்கள். வெளியே அனுப்பும் இடத்தில், யாருக்கு எந்த வடிவம் வேண்டுமோ அதை அங்கேயே மாற்றிக் கொடுங்கள். வங்கிக் கோப்புக்கு ஒரு ஃபங்ஷன், டிக்கெட்டுக்கு ஒரு ஃபங்ஷன். நாளைக்கு அவர்கள் விதி மாறினால் அந்த ஃபங்ஷன் மட்டும் மாறும். மூலத்திலேயே தூக்கிவிட்டால் திரும்ப வராது, யார் பெயரில் சாய்கோடு இருந்தது என்று யாரைக் கேட்பீர்கள்?

யூஆர்எல்லையும் (இணைய முகவரியையும்) பாருங்கள். பெயரைப் பாதையில் வைத்திருந்தால், சாய்கோட்டைக் குறியீடாக மாற்றி அனுப்பினாலும் தப்பிக்க முடியாது. அப்பாச்சி சர்வர் இயல்பான அமைப்பில் அப்படி வரும் சாய்கோட்டுக்கு 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை, கொடுத்துவிடும், உங்கள் கோடுக்கு அது வந்தே சேராது. எங்கள் இடத்தில் ஒரு பையன் இரண்டு நாள் தன் கோடையே தேடிக்கொண்டிருந்தான், பாவம். பாதையில் எண்ணைப் போடுங்கள், பெயர் வேண்டாம். ஐசி எண்ணும் வேண்டாம், பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் ஆணா பெண்ணா என்பதும் அந்த 12 இலக்கத்திலேயே இருக்கிறது, அதை லாகில் சிதற விடக்கூடாது.

லீடிடம் வைக்க இன்னொரு வாதம்: 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் ஏழு கொள்கைகளில் ஒன்று, வைத்திருக்கும் தரவு துல்லியமாக, முழுமையாக இருக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது. ஒரே ஆளுக்கு மூன்று சிஸ்டத்தில் மூன்று பெயர் என்றால் அதை எப்படித் துல்லியம் என்று சொல்வது? நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் எங்கள் இடத்தில் அந்த ஒரு வரியை மின்னஞ்சலில் போட்டதும் நேரம் ஒதுக்கிவிட்டார்கள்.

முரசுக்_கீபோர்டு (கிள்ளான்) எழுதியது:

கையோடு கையாகத் தமிழ் எழுத்தில் பெயர் போட ஒரு களமும் வையுங்கள், கட்டாயம் வேண்டாம். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்ற மென்பொருள் செய்து கணினியில் தமிழைக் கொண்டுவந்துவிட்டார், இன்னமும் என் அலுவலகப் படிவம் தமிழ் எழுத்தைக் கண்டால் சிவப்பு காட்டுகிறது. ஒன்று கவனியுங்கள்: எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'நீ' என்பது பார்க்க ஒரு எழுத்து, உள்ளே இரண்டு குறியீடு, 6 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் நீளத்தைப் பைட்டில் கணக்குப் போடும் இயல்பு அமைப்பில் 60 என்று வைத்தால் 20 குறியீடுதான் கொள்ளும், சுப்பிரமணியம் என்று எழுதியதும் அந்த இடத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

கேஎல்_பேக்எண்ட் (கோலாலம்பூர்) எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேன்கூடு தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.

அண்ணன் சொன்ன '@' விஷயத்தைப் பார்த்த பிறகு, எக்செலில் வந்த பெயரையும் படிவத்தில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகாதவற்றை மட்டும் எடுத்தேன். நம்மவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். ஆனால் பட்டியலில் எங்கள் லீடும் இருக்கிறார். அவர் சீனர், ஐசியில் '@' போட்டு இரண்டு பெயர், படிவம் ஏற்காததால் ஒன்றை விட்டுவிட்டார் போலிருக்கிறது. திங்கட்கிழமை தே தாரிக் குடிக்கக் கீழே இறங்கியபோது பட்டியலைப் போனில் காட்டினேன். அவர் பெயர் இருந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். விட்டுப்போன பாதி அவர் தாத்தா வைத்த பெயராம், வீட்டில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அடுத்த ஸ்பிரிண்டில் (டீமின் அடுத்த வேலைச் சுற்றில்) போடு என்றார், சட்டத்தைப் பற்றிப் பேசவே தேவைப்படவில்லை.

இரண்டு களம், வெளியே அனுப்பும் இடத்தில் மாற்றம், சரிபார்க்கும் பக்கம், இந்த மூன்றும் முதலில். தமிழ்க் களம் அடுத்த சுற்றில், விட மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: 'எப்படி அழைக்கலாம்' என்பதை ஒருவர் காலியாக விட்டால் மின்னஞ்சலில் என்ன போடுவது? முழுப் பெயரின் முதல் சொல்லை எடுக்கலாமா?

தேன்கூடு_டெஸ்டிங் (பினாங்கு) எழுதியது:

எடுக்க வேண்டாம் அண்ணே. மலாய்ப் பெண்கள் பாதிப் பேர் 'நூர்' ஆகிவிடுவார்கள், ஆண்கள் பாதிப் பேர் 'முகமட்' ஆகிவிடுவார்கள், உங்கள் லீடுக்கு வெறும் குடும்பப் பெயர் போகும். காலியாக இருந்தால் முழுப் பெயரையே போடுங்கள், நீளமாக இருந்தால் இருக்கட்டும்.