பழைய லேத் ஹெட்ஸ்டாக் மூக்குக்குப் பொருந்தும் சக் அடாப்டர் எங்கே கிடைக்கும்? விட்டம் 28.5 மி.மீ., என்ன மரை என்று பிடிபடவில்லை

காங்கேயம் வாகை:
வணக்கம். கிண்ணம், தட்டு கடைவதற்காக வீட்டுப் பட்டறையில் ஒரு மர லேத் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடிச்சட்டத்தை (பெட்) சி சேனல் வெட்டி நானே வெல்டிங் செய்தேன், ஹெட்ஸ்டாக் (சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பகுதி) மட்டும் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. வார்ப்பிரும்பு, நல்ல கனம், பால் பேரிங் இரண்டும் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, ஆனால் பெயர்ப் பலகையோ நம்பரோ எதுவும் இல்லை.

பிரச்சினை ஸ்பிண்டில் மூக்கில், அதாவது சக் மாட்டுகிற சுழல்தண்டின் முனையில். மரையின் வெளி விட்டம் வெர்னியரில் 28.5 வருகிறது. மரைக்குப் பின்னால் மரை இல்லாத வழவழப்பான ஒரு காலர் (வளையம் போன்ற பகுதி), அது 31.7. உள்ளே இருக்கும் கூம்பு ஓட்டையில் மோர்ஸ் டேப்பர் 2 அளவு சென்டர் சரியாக உட்காருகிறது. என்னிடம் இருக்கும், மரத்தைப் பிடிக்கும் நாலு தாடைச் சக்கின் ஓட்டை எம்33 (33 மி.மீ. மெட்ரிக் மரை), பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 3.5 மி.மீ. அதனால் ஒரு பக்கம் இந்த மூக்கில் ஏறி மறுபக்கம் எம்33 ஆண் மரையாக இருக்கிற அடாப்டர் வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் ஒரு இஞ்சு இருக்கிறது, எம்30 இருக்கிறது, இடையில் எதுவும் இல்லை. ஆன்லைனிலும் இந்த அளவில் கிடைக்கவில்லை.

பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் மாதிரிக்கு ஒரு நட்டு போட்டுக் கொடுத்தார்கள், 2 மி.மீ. பிட்ச். மூன்று சுற்று ஏறுகிறது, அப்புறம் இறுகி நின்றுவிடுகிறது. ஸ்பிண்டில் மரை தேய்ந்துவிட்டது, அதைக் கடைந்து எம்27 ஆக்கிவிடலாம் என்கிறார்கள். நல்ல ஸ்பிண்டிலில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. இது என்ன மரை, எங்கே தேடுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூலூர் சுத்தியல்:
முதலில் ஸ்பிண்டிலைக் கடையச் சொல்லிவிடாதீர்கள், அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செய்தபின் திரும்ப முடியாது. பிட்ச் கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வெள்ளைத் தாளை மரையின் மேல் நீளவாக்கில் வைத்துப் பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேயுங்கள், மரையின் முகடுகள் கோடு கோடாகத் தாளில் விழும். தாளை மேசையில் விரித்து ஸ்டீல் ஸ்கேலின் இஞ்சுப் பக்கத்தை வைத்து, ஒரு கோட்டில் தொடங்கி ஒரு இஞ்சுக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணிச் சொல்லுங்கள். கோட்டை எண்ணக் கூடாது, இடைவெளியைத்தான் எண்ண வேண்டும்.

காங்கேயம் வாகை:
செய்து பார்த்தேன் அண்ணா, கோடு நன்றாகவே விழுந்தது. ஒரு இஞ்சுக்கு 12, துளிகூட மாறவில்லை. மரையின் முகடு கூர்மையாக இல்லை, வழவழவென்று உருண்டையாக இருக்கிறது, விரல் நகத்தில் தடவினாலே தெரிகிறது. தேய்மானமா என்றுதான் சந்தேகம்.

கணபதி டர்னர்:
அது தேய்மானம் இல்லை தம்பி, அந்த மரையே அப்படித்தான் இருக்கும். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் வகை மரையில் கோணம் 55 டிகிரி, முகடும் பள்ளமும் உருண்டை. மெட்ரிக்கும் அமெரிக்க மரையும் 60 டிகிரி, முகடு தட்டை. உங்கள் மூக்கு ஒரு இஞ்சு ஒரு நூல், அதாவது 28.575 மி.மீ., இஞ்சுக்கு 12 மரை. இந்த விட்டத்துக்கு சாதாரண பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் பெரு மரை) என்றால் 7 மரை, பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண் மரை) என்றால் 9 மரை, அதனால்தான் எந்தக் கடையிலும் நட்டு கிடைக்கவில்லை. மைஃபோர்ட் எம்.எல். 7 என்ற இங்கிலாந்து லேத்தின் மூக்கு இதே 1 1/8 அங்குலம், 12 மரை. அதற்காக உங்களுடையது மைஃபோர்ட் என்று சொல்லமாட்டேன், எம்.எல். 7-ல் வெள்ளை உலோக பேரிங் வரும், உங்களுடையது பால் பேரிங். அந்த அளவைப் பின்பற்றி யாரோ செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நட்டு ஏன் மூன்று சுற்றில் நின்றது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 12 மரை என்றால் பிட்ச் 2.117 மி.மீ. அவர்கள் போட்டது 2. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.117 விலகும், மூன்றாவது சுற்றில் மொத்தம் 0.35 விலகல், அதற்குள் மரையின் இடைவெளி தீர்ந்துவிடும். ஸ்பேனர் வைத்து மட்டும் ஏற்றாதீர்கள், மூக்கின் மரை கிழிந்துவிடும்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
1 1/8 அங்குலம் 12 மரையில் யு.என்.எஃப். (அமெரிக்க நுண் மரை) டேப், அதாவது உள்மரை வெட்டும் கருவி, உண்டே. அதை வாங்கி ஒரு இரும்புத் துண்டில் ஓட்டினால் வேலை முடிந்ததே, எதற்கு இவ்வளவு தூரம்?

கணபதி டர்னர்:
டேப் உண்டுதான், பிட்சும் ஒன்றுதான். ஆனால் கோணம் 60. 55 டிகிரி ஆண் மரையில் 60 டிகிரி பெண் மரை ஏறினால் பக்கவாட்டுச் சரிவு முழுதாக உட்காராது, ஓரத்தில் மட்டும் தொடும். எதையாவது அழுத்திப் பிடிக்கிற நட்டு என்றால் சரி என்றுவிடுவேன். இது சுற்றுகிற சக். 8 அங்குலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அது உங்கள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். அந்த இடத்தில் எனக்கு அரைகுறைப் பொருத்தம் பிடிக்காது. அதைவிட முக்கியம், டேப் ஓட்டினால் மரை மட்டும்தான் வரும், அந்த 31.7 காலருக்கு உட்கார இடம் வராது. சக்கை நடுவில் நிறுத்துவது மரை இல்லை, அந்தக் காலர்தான். மரை இழுத்துப் பிடிக்க மட்டும்.

பழைய மில் பிட்டர்:
டர்னர் சொன்னதைக் கேளுங்கள் தம்பி. நான் ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்பில் இருந்தவன், இங்கிலாந்து ரிங் பிரேம்கள் (நூல் நூற்கும் மிஷின்கள்) எல்லாம் இந்த 55 டிகிரி மரையில்தான் வந்தன, அதற்கு உதிரி பாகம் போட்டே கோயம்புத்தூர் லேத் பட்டறைகள் பல வளர்ந்தன. அதனால் தேடவேண்டியது கடையை இல்லை, சரியான லேத்தை.

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் ஆகிய பகுதிகள் பக்கம் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய. போகும் முன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: 127 பல் கியர் இருக்கிறதா? உங்கள் அடாப்டரில் ஒரு பக்கம் இஞ்சு மரை, மறுபக்கம் மெட்ரிக் மரை. லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீள மரைத் தண்டு) இஞ்சு அளவில் இருக்கிற லேத்தில் 12 மரை சுலபம், லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 என்றால் ஹாஃப் நட்டை (அந்தத் தண்டைப் பிடித்து விடும் பிளவு நட்டு) எங்கே போட்டாலும் அதே தடத்தில் விழும். ஆனால் அதே லேத்தில் 3.5 மி.மீ. பிட்ச் போட 127 வேண்டும், 127-ஐ 5-ஆல் வகுத்தால் 25.4, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கியர் போட்டு வெட்டும்போது ஹாஃப் நட்டை விடக்கூடாது, மிஷினைத் திருப்பி ஓட்டித்தான் டூலைப் பின்னால் கொண்டுவர வேண்டும். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிற பட்டறையில் கொடுங்கள்.

இ.என். 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ராடு 50 மி.மீ. எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மரைக்கு முன் ஓட்டை 26 மி.மீ., மரை ஆழம் 1.36 மி.மீ. அளவு. டூலை 55 டிகிரி கேஜ் வைத்து அரைக்க வேண்டும், 60-இல் அரைத்த டூல் அவர்கள் கையில் எப்போதும் இருக்கும், அதையே மாட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மரை கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், காலர் உட்காரும் குழி மட்டும் ஆடாமல் வழுக்கிப் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்: அளவை எழுதிக் கொடுக்காதீர்கள், ஸ்பிண்டிலையே கழற்றிக் கொண்டுபோங்கள். முதலில் பெண் மரையும் காலர் குழியும் மட்டும் முடிக்கட்டும். பிறகு அடாப்டரை ஸ்பிண்டிலில் ஏற்றி, பேரிங் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்து ஓட்டம் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்த்து, ஸ்பிண்டிலோடு சேர்த்தே லேத்தில் பிடித்து எம்33 மரையையும் சக் முட்டும் முகத்தையும் கடைய வேண்டும். அப்படிச் செய்தால் சக் உங்கள் ஸ்பிண்டிலுக்கு நேராக நிற்கும். தனியாகச் செய்து கொண்டுவந்து மாட்டினால் கொஞ்சமாவது ஆடும்.

காங்கேயம் வாகை:
ஐயா, டர்னர் அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்பிண்டிலைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுப் பல்லடம் வழியாகப் போகிற சிங்காநல்லூர் பஸ்ஸில் கொண்டுபோனேன். ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் 127 என்றதுமே கியரை எடுத்து மேசையில் வைத்தார்கள். சொன்ன முறையிலேயே ஸ்பிண்டிலோடு வைத்துக் கடைந்தார்கள். வீட்டில் மாட்டி டயல் வைத்தேன், சக் முட்டும் முகத்தில் ஓட்டம் 0.02 மி.மீ.தான். அடாப்டர் கையாலேயே கடைசி வரை ஏறுகிறது, காலரில் போய் மெத்தென்று உட்காருகிறது.

இன்னொரு சந்தேகம். மணல் தாள் தேய்க்கும்போது லேத்தை எதிர்ப்பக்கம் ஓட்டலாம் என்று நினைக்கிறேன். சக் கழன்று வருமா?

கணபதி டர்னர்:
வரும். வலது மரைதானே, எதிர்ப்பக்கம் ஓட்டினால் தானாகக் கழலும், பெரிய கிண்ணம் மாட்டியிருந்தால் கழன்று கீழேயே விழும். அடாப்டரில் காலர் குழி இருக்கிற பகுதியில் எம்6 ஓட்டை இரண்டு எதிரெதிராகப் போட்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) வையுங்கள். ஸ்க்ரூவின் நுனிக்கும் காலருக்கும் இடையில் சின்னப் பித்தளைத் துண்டு போட வேண்டும், இல்லாவிட்டால் காலரில் பள்ளம் விழுந்து அடுத்த முறை அடாப்டர் கழலாமல் பிடித்துக்கொள்ளும். சக்குக்கும் எம்33 பக்கம் இதே மாதிரி லாக் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் பூட்டாமல் எதிர்ப்பக்கம் ஓட்டவே கூடாது.

பழைய மில் பிட்டர்:
ஒவ்வொரு முறை மாட்டும் முன்னும் மரையில் இருக்கிற மரத்தூளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள் தம்பி. ஒரு சின்னத் தூள் காலர் முகத்தில் மாட்டினாலும் அந்த 0.02 போய்விடும். ஒரு சொட்டு மிஷின் ஆயில் போதும், கிரீஸ் வேண்டாம், தூளை இழுத்துப் பிடிக்கும்.