பெயர் ஒன்றுதான், ஸ்கிரிப்ட் இரண்டு என்கிறது. யாருக்காவது இப்படி நடந்ததா?

இரவுப்பணி:
பழைய மேக் சர்வரைக் கழட்டிவிட்டு லினக்ஸுக்கு மாறும் வேலை. இரண்டு பக்கமும் ஃபோல்டர் பெயர்களை எடுத்து டிஃப் போடும் (வித்தியாசமான வரிகளை மட்டும் காட்டும்) ஸ்கிரிப்ட். ஒன்றே ஒன்று இடித்தது:

< கொள்முதல்
> கொள்முதல்

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான், கடைசியில் ஸ்பேஸும் இல்லை. ராத்திரி ஒன்றரை மணி. சரி, ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ஓட்டுவோம் என்று ஓட்டினேன். புதிய சர்வரின் பட்டியலில் கொள்முதலுக்குக் கீழே இன்னொரு கொள்முதல் வந்து உட்கார்ந்தது. பெயர்களின் பைட்டுகளை ஹெக்ஸில் பார்த்த பிறகுதான் புரிந்தது. லினக்ஸில் யாரோ முன்பே கையால் உருவாக்கியதில் 'ொ' ஒரே குறியீடு, 3 பைட். மேக்கின் ஃபைல் சிஸ்டமான ஹெச்எஃப்எஸ் பிளஸ் அதையே கொம்பு, கால் என்று பிரித்து 6 பைட்டாக வைத்திருந்தது. யூனிகோடுக்கு இரண்டும் சமம். லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும்.

பழைய டெர்மினல்:
எனக்கு ஆங்கிலப் பெயர்களிலேயே மானம் போனது. ஒரு சர்வரில் லோகேல் (மொழி, வரிசை அமைப்பு) 'சி', அதாவது வெறும் பைட் வரிசை; மற்றதில் அமெரிக்க ஆங்கிலம். அந்தந்த இடத்திலேயே சார்ட் செய்து கொண்டுவந்து, வரிசைப்படுத்திய இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் 'காம்' போட்டேன். ஒன்றில் பெரிய எழுத்துப் பெயர்கள் எல்லாம் முன்னால், இன்னொன்றில் கலந்து. பாதி ஃபோல்டர் காணோம் என்று வந்ததை அப்படியே மேனேஜருக்கு மெயில் தட்டிவிட்டேன். வரிசை சரியில்லை என்று காம் கத்தித்தான் இருக்கிறது. பிழைச் செய்திகளை டெவ் நல் என்ற குப்பைத்தொட்டிக்குத் திருப்பியது நான்.

ஜீரோபைட்:
இரவுப்பணியுடையது நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது), பழைய டெர்மினல், உங்களுடையது லோகேல். இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். விண்டோஸில் சேமித்த பட்டியலில் வரிக்கு வரி கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டி, ஒரு பெயர்கூடப் பொருந்தவில்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இருவரும் எல்எஸ் கமாண்டை வைத்தா பட்டியல் எடுத்தீர்கள்? ஃபைண்ட் கமாண்டில் பிரிண்ட்0 போட்டு, பெயர்களை நல் பைட்டால் (மதிப்பு பூஜ்யமான பைட்) பிரியுங்கள். பெயருக்குள்ளேயே நியூலைன் வரலாம். அப்புறம் பட்டியல்களை ஒரே லினக்ஸ் மெஷினுக்குக் கொண்டுவந்து, லோகேலை எல்சி_ஆல்=சி என்று வைத்து அங்கேயே சார்ட் செய்யுங்கள், காமுக்கும் அதே லோகேல். நல் பைட்டால் பிரிந்த பெயர்களைப் படிக்க இரண்டிலும் மைனஸ் இசட் உண்டு. மேக்கிலிருந்து ஆர்சிங்க் ஓட்டும்போது பெயர்களின் குறியீட்டை மாற்றும் ஐகான்வ் ஆப்ஷனில் யூடிஎஃப்-8-மேக்,யூடிஎஃப்-8 என்று கொடுத்திருந்தால் பெயர் சேர்ந்தே போயிருக்கும். ஒன்றரை மணிக்கு ஓட்டவே கூடாது, அது வேறு விஷயம்.

இரவுப்பணி:
எல்எஸ் இல்லை, ஃபைண்டுதான். ஐகான்வ் இப்போது தெரியும். அதற்குள் கணக்குப் பிரிவில் பாதிப் பேர் மேலே உள்ளதிலும் மீதிப் பேர் கீழே உள்ளதிலும் பில்களைப் போட்டுவிட்டார்கள். எதில் போட்டீர்கள் என்று கேட்டால், "கொள்முதல்லதான் சார்" என்கிறார்கள்.