சனிக்கிழமை தண்ணீர் லாரியும் வீட்டுக்கார ஆன்ட்டியும்

லிங்கராஜபுரம்வாசி:

சொந்த ஊர் நாசரேத் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்புக்கே எங்கள் ஊரில் ‘ஓய்வுநாள் பள்ளி’ என்றுதான் பெயர். அதனால் ஓய்வுநாள் என்றால் ஞாயிறு என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பெங்களூருக்கு வந்து மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்கார ஆன்ட்டி, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. அவர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை, அதுவும் வெள்ளி மாலை சூரியன் இறங்கும்போதே தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானமே கீழே குக்கர் விசில் வரிசையாகக் கேட்கும். மறுநாளுக்கும் சேர்த்துச் சமைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, வாசலைக் கூட்டி, சூரியன் இறங்கும்போது டிவி மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவார். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இதெல்லாம் முடிந்தாக வேண்டும். ஜூலையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். காலண்டரைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை தண்ணீர் லாரி வந்துவிட்டது. ஆன்ட்டி வாசலில் நின்று, “தம்பி, இன்னிக்கு நான் காசைத் தொட மாட்டேன், நீங்க குடுத்துடுங்க” என்றார். 900 ரூபாய். எனக்கு எரிச்சல்தான். நான் கொடுத்தால் மட்டும் அது வியாபாரம் ஆகாதா? அன்று மாலை, வெளிச்சம் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கதவைத் தட்டினார். கையில் எண்ணி மடித்த ஒன்பது நூறு ரூபாய்த் தாள்.

அப்புறம்தான் பேச்சு வளர்ந்தது. ஏழாம் நாளை ஓய்வுநாளாக ஆசரிக்கச் சொல்லும் யாத்திராகமம் 20-ஐ எடுத்தார். நான் விடவில்லை. வாரத்தின் முதல்நாளில்தான் கர்த்தர் உயிர்த்தெழுந்தார், அப்போஸ்தலர் 20:7-இல் அன்றைக்குத்தான் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்றேன். “கூடினாங்க, சரி. ஓய்ஞ்சு இருந்தாங்கன்னு எங்க போட்டிருக்கு?” என்று ஒரே போடு. ஞாயிறைக் கொண்டுவந்ததே ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன்தான் என்றும் சொன்னார். அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. தேடிப் பார்த்தேன். 321-இல் அவன் போட்ட சட்டம் நகரத்தாருக்கும் பட்டறைக்காரருக்கும் ஞாயிறு விடுமுறை கொடுத்தது. உழவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அதற்குச் சுமார் 170 வருடம் முன்பே, ஞாயிறன்று கிறிஸ்தவர்கள் கூடி வாசித்து, ஜெபித்து, அப்பம் பகிர்வதைப் புனித ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். ஆராதனை முதலில் வந்தது, லீவு பிறகு வந்தது.

இதை ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறு: “அப்போ நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து லேப்டாப்பைத் திறக்கிறீங்களே, அது எந்த நாள்?” இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் உண்டா?

கம்மனஹள்ளிக்காரி:

நாசரேத்துக்காரர் என்கிறீர்கள், சட்டம்பிள்ளையைத் தெரியாதா! பக்கத்துப் பிரகாசபுரத்தில் மிஷனரியோடு முறைத்துக்கொண்டு 1857-இல் தனிச் சபை தொடங்கியவர். வெள்ளைக்காரர் பழக்கம் வேண்டாம் என்று பழைய ஏற்பாட்டுப் பக்கம் திரும்பி, சனிக்கிழமையையே ஓய்வுநாளாக எடுத்துக்கொண்டார்கள். அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் நம் பக்கம் வந்ததெல்லாம் அதற்கு எவ்வளவோ பிறகு. எங்கள் ஆச்சி அந்தச் சபையாரைப் பற்றிக் கொஞ்சம் கேலியாகவே பேசுவார், அதனால் சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

சிவாஜிநகர் நர்ஸ்:

நாங்கள் கத்தோலிக்கர். மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு டூட்டி. சனிக்கிழமை சாயங்காலத் திருப்பலிக்குப் போனால் ஞாயிறு கடன் தீர்ந்தது என்று எங்கள் பங்குச்சாமி சொன்னபோது நான் நம்பவில்லை, ஏதோ சலுகை கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஞாயிறும் பெருவிழாவும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகின்றனவாம். யோசித்தால் அந்த ஆன்ட்டியின் கணக்கும் அதேதானே, சூரியன் இறங்கினால் அடுத்த நாள். வியாழன் ஆனால் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் நிற்க இடம் இருக்காது, அது தனிக்கதை.

குவைத் ரிட்டர்ன்:

அங்கே வாராந்தர விடுமுறை வெள்ளி என்பதால் ஆராதனையும் வெள்ளிதான். பதினோரு வருடம். திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, “எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள்.

லிங்கராஜபுரம்வாசி:

சட்டம்பிள்ளை விஷயத்தை இன்று மத்தியானம் ஆன்ட்டியிடம் சொன்னேன். “பாத்தீங்களா, உங்க ஊர்லயே இருந்திருக்கு!” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரு மணி நேரம் பேசினோம். கீழே ஹாரன் சத்தம் கேட்கிறது, லாரி வந்துவிட்டது போல. இன்னும் இருட்டவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறேன்.