கொன்டாக்ட்: 'தொடர்பாளர்' வேண்டாம், 'தொடர்புப் பதிவு' என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியிலும் மின்னஞ்சல் செயலிகளிலும் வரும் 'கொன்டாக்ட்' (contact) என்ற சொல்லுக்குத் தமிழில் 'தொடர்பாளர்' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவு எனக்கு உடன்பாடில்லை. கொன்டாக்ட் என்பது ஆள் அல்ல, ஆளைப் பற்றிய பதிவு. மட்டக்களப்புக் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) என் கைப்பேசியில் ஒரு கொன்டாக்ட்தான். அதைத் தொடர்பாளர் என்று எப்படி அழைப்பது? தொடர்பு விவரங்களைப் பரிமாறும் கோப்பு வடிவமான விகார்ட்டின் (vCard) 2011இல் வெளியான 4.0 வரையறையே, பதிவு தனியாளுக்கோ குழுவுக்கோ நிறுவனத்துக்கோ இடத்துக்கோ உரியதாக இருக்கலாம் என்கிறது. அதில் பெயர் கட்டாயம். மின்னஞ்சல் முகவரி கட்டாயமில்லை.

முகவரிப் புத்தகத்தோடு (அட்ரஸ் புக்) கொன்டாக்டுக்கு உள்ள உறவும் இங்கேதான் விளங்கும். வாழைச்சேனையில் மொத்தமாக மீன் கொடுக்கும் வியாபாரி ஒருவரை அவுட்லுக் என்ற மின்னஞ்சல் செயலியின் கிளாசிக் பதிப்பில் சேர்க்கிறோம் என்று வையுங்கள். அவரிடம் மின்னஞ்சலும் இல்லை, தொலைநகலும் இல்லை. 065 என்று தொடங்கும் கடை இலக்கம் மட்டும்தான். தொடர்புகள் கோப்புறையில் அவர் இருப்பார். மடல் எழுதும்போது பெறுநரைத் தேடி முகவரிப் புத்தகத்தைத் திறந்தால் இருக்கமாட்டார். அங்கே முகவரிப் புத்தகம், சேமித்த பதிவுகளில் மடல் அனுப்பக்கூடியவற்றை மட்டும் எடுத்துக் காட்டும் பட்டியல். தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மின்னஞ்சல் செயலியில் நிலைமை வேறு: பதிவுகள் முகவரிப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. நாம் மடல் அனுப்பியவர்களின் முகவரிகளைத் தானாகச் சேர்த்துவைக்கும் தனிப் புத்தகமும் அதில் உண்டு. இரண்டு அமைப்புக்கும் பொதுவாக இருப்பது தனிப்பதிவு. முதலில் அதற்குத்தான் நல்ல பெயர் வேண்டும்.

வெறும் 'தொடர்பு' போதாது. 'தொடர்பை நீக்கு' என்றிருந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கை தயங்கும். உறவையே முறிக்கச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. அழைப்பு அறுந்தாலும் 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்றுதானே எழுதுகிறோம்! 'தொடர்பேடு' சுருக்கமானது, ஆனால் தொடர்+பேடு என்று பிரித்துப் படிக்க இடம் தருகிறது. 'தொடர்பட்டை' அதைவிட மோசம்.

என் முன்மொழிவு: தனியொன்று 'தொடர்புப் பதிவு', அவற்றின் சேமிப்பு 'தொடர்புப் பதிவேடு'. அட்ரஸ் புக் முகவரிப் புத்தகமாகவே இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழுக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போய்வந்த எவருக்கும் பதிவும் பதிவேடும் பழகிய சொற்கள். நீளம் ஒரு குறைதான். திரையில் இடம் போதாத இடத்தில் 'பதிவு' என்று மட்டும் போட்டாலும் பொருள் கெடாது.

கல்முனை, அக்கரைப்பற்று நண்பர்களும் கருத்துச் சொல்ல வேண்டும். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதைச் 'சேர்', 'நீக்கு', 'ஏற்றுமதி செய்' ஆகிய மூன்று கட்டளைகளோடும் ஒட்டிப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.